கிளீனர் டிரம்மும் நிக்கல் அளவும்: முலாம் பட்டறைக் கழிவுநீரில் உலோகம் இறங்காதபோது என்ன செய்வது?

முலாம் பூசும் பட்டறையின் கழிவுநீரில் நிக்கலோ செம்போ வரம்பைத் தாண்டினால், பெரும்பாலானோர் முதலில் சுண்ணாம்பைக் கூட்டுகிறார்கள். பிறகு துகள்களைத் திரட்டும் பாலிமரைக் கூட்டுகிறார்கள். பிறகு பிஎச் மீட்டரைச் சந்தேகிக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டிகிரீசிங் தொட்டியின் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "அது சோப்புத் தண்ணீர்தானே" என்பதுதான் பதில். ஆனால் உலோகத்தைத் தண்ணீரிலேயே தங்கவைக்கும் பொருள்கள் பெரும்பாலும் அந்தச் சோப்புத் தண்ணீரில்தான் வருகின்றன.

கோவை, ஓசூர், அம்பத்தூர் போன்ற இடங்களில் உள்ள சிறு, நடுத்தர முலாம் பட்டறைகளின் சுத்திகரிப்பு நிலையத்தை இயக்குபவருக்காக இதை எழுதுகிறேன். நிக்கல், செம்பு, துத்தநாகம், குரோமியம் ஆகியவற்றைக் காரத்தால் படியவைக்கும் வழக்கமான முறை உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒன்றின் விடை கிடைத்தால்தான் அடுத்தது பொருள்படும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு லிட்டர் பீக்கர் ஆறு, வேகத்தை மாற்றக்கூடிய ஜார் டெஸ்ட் கலக்கி (பீக்கர்களில் மருந்தளவைச் சோதிக்கும் கருவி), 0.45 மைக்ரான் வடிதாளும் அதற்கான சிரிஞ்சும், அன்றைக்கே அளவு திருத்திய பிஎச் மீட்டர், பிஎச் 4, 7, 10 பஃபர்கள் (மீட்டரைத் திருத்த உதவும் கரைசல்கள்). ரசாயனங்களில் சுண்ணாம்புப் பால், காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு), கந்தக அமிலம், ஃபெரஸ் சல்பேட் அல்லது ஃபெரிக் குளோரைடு, 0.1 சதவீதத்தில் கரைத்த பாலிமர். கையுறை, கண்ணாடி, முகமறைப்பு ஆகியவற்றைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

உலோக அளவை ஆய்வகத்தில் ஏஏஎஸ் அல்லது ஐசிபி கருவியில் (உலோகத்தின் மொத்த அளவைக் காட்டுபவை) பாருங்கள். நிறம் மாறுவதை வைத்து அளவு சொல்லும் கிட்டுகளை இந்தச் சிக்கலில் நம்ப முடியாது. கிளீனர்களில் வரும் ஈடிடிஏ என்ற பொருள் பிடித்து வைத்திருக்கும் நிக்கலோடு கிட்டின் வேதிப்பொருள் சேராது. அளவு குறைவாகக் காட்டும். கிட் நன்றாக இருக்கிறது என்று சொல்ல, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த மாதிரி தவறிவிட்டது என்றால், இதுதான் காரணமா என்று முதலில் பாருங்கள்.

அடைய வேண்டிய எண்கள் கண்முன் இருக்கட்டும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடுவதற்கான பொது வரம்பு லிட்டருக்கு நிக்கல் 3, செம்பு 3, துத்தநாகம் 5, மொத்தக் குரோமியம் 2, ஆறிணைதிறக் குரோமியம் (நச்சு மிகுந்த வடிவம்) 0.1 மில்லிகிராம். உங்கள் அனுமதி ஆணையில் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும்.

2. முதலில் வடிகட்டிப் பாருங்கள்

உலோகம் இறங்காததற்குக் காரணம் இரண்டே வகை. ஒன்று, உலோகம் திடப்பொருளாக மாறிவிட்டது, ஆனால் அடியில் படியாமல் மிதக்கிறது. இன்னொன்று, உலோகம் திடப்பொருளாகவே மாறவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

படிவுத் தொட்டியின் மேல்நீரிலிருந்து இரண்டு மாதிரிகள் எடுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றதை உடனே 0.45 மைக்ரானில் வடிகட்டுங்கள். அதன் பிறகு இரண்டிலும் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவந்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

புதியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். அமிலத்தை முதலில் விட்டுவிட்டுப் பிறகு வடிகட்டுவார்கள். அமிலம் பட்டதும் மிதக்கும் துகள்கள் அத்தனையும் கரைந்துவிடும், இரண்டு மாதிரிக்கும் ஒரே எண் வரும், சோதனை வீண். சாதாரண வடிதாளும் போதாது. சோப்புப் பொருள் கலைத்துவைத்த மென்துகள் அதன் வழியே போய்விடும்.

வடிகட்டியதில் நிக்கல் குறைவு, வடிகட்டாததில் அதிகம் என்றால், குறை படிவதில் இருக்கிறது: சோப்புப் பொருள், எண்ணெய், பாலிஃபாஸ்பேட், பாலிமர் தேர்வு. நேராக 7-ஆம் படிக்குப் போகலாம். பிஎச் சரியாக இருந்தும் இரண்டிலும் அதிகம் என்றால், ஏதோ ஒன்று உலோகத்தைக் கரைசலில் பிடித்து வைத்திருக்கிறது. எல்லாப் படிகளும் உங்களுக்குத்தான்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்றும் உண்டு. பிஎச் 10-இல் வடிகட்டிய நீரை வெள்ளைத் தாளின்மேல் பீக்கரில் வைத்துப் பாருங்கள். தெளிவாக இருந்தும் நீல நிறம் தெரிந்தால், செம்பு பிணைந்த நிலையில் இருக்கிறது. அடர்ந்த மயில்நீலம் என்றால் அம்மோனியாவைத் தேடுங்கள். நிக்கலின் பச்சை அவ்வளவு எளிதில் தெரியாது; நிறம் இல்லை என்பதற்காக நிம்மதி அடையாதீர்கள்.

3. டிரம்மில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

பட்டறைக்குள் வரும் எல்லாச் சுத்தப்படுத்தும் பொருளுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். சோக் கிளீனர் (ஊறவைத்துச் சுத்தம் செய்வது), எலக்ட்ரோ கிளீனர் (மின்சாரம் செலுத்திச் சுத்தம் செய்வது), துரு நீக்கி, தரை கழுவும் திரவம், கழிவறைக்கான பிளீச் எல்லாமே இதில் வரும். ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புத் தரவுத்தாளை வாங்குங்கள். அதில் எல்லாம் இருக்காது. வணிக ரகசியம் என்று சிலவற்றை மறைத்திருப்பார்கள். விற்பவரிடம் எழுத்துமூலம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதில் ஈடிடிஏ, என்டிஏ, குளுக்கோனேட், சிட்ரேட், அமீன், அம்மோனியா, பாலிஃபாஸ்பேட் எவை உண்டு, எத்தனை சதவீதம்?" பதில் வராத டிரம்மில் இவை இருக்கின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஈடிடிஏ உலோக அணுவை எல்லாப் பக்கமும் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். கிளீனரில் அதைச் சேர்ப்பது தண்ணீரின் கடினத்தன்மையை அடக்கவும் துருவைக் கரைக்கவும்தான். ஆனால் கால்சியத்தைவிட நிக்கலையும் செம்பையும் அது கோடிக்கணக்கான மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். கழிவுநீர்த் தொட்டிக்கு வந்ததும் கால்சியத்தை விட்டுவிட்டு நிக்கலைப் பிடித்துக்கொள்கிறது. வழக்கமான பிஎச் 9, 10-இல் அதை விடுவதில்லை.

குளுக்கோனேட் காரத் துருநீக்கிகளில் இருக்கும். இதன் குணம் தலைகீழ்: பிஎச் கூடக்கூடப் பிடி இறுகும். நிக்கல் இறங்கவில்லை என்று காஸ்டிக்கைக் கூட்டினால் நிலைமை மோசமாவதற்கு இது ஒரு காரணம். சிட்ரேட்டின் பிடி ஈடிடிஏவைவிடத் தளர்வு. ஆனாலும் செம்பையும் நிக்கலையும் கணிசமாகத் தங்கவைக்கும்.

அம்மோனியாவும் ட்ரைஎத்தனாலமீன் போன்ற அமீன்களும் செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றையும் பிடிக்கும்.

சோப்புப் பொருள்கள் உலோகத்தைப் பிடிப்பதில்லை. வேறு வகையில் கெடுக்கின்றன. எண்ணெயைப் பால்போல் கலக்கிவிடும். துகள்கள் ஒன்றோடொன்று சேரவிடாது. எதிர்மின் சோப்பு, நீங்கள் விடும் நேர்மின் பாலிமரைத் தானே தின்றுவிடும். எண்ணெய் ஒட்டிய திரள் படியாமல் மேலே மிதக்கும்.

சிலிக்கேட் பிஎச் எலக்ட்ரோடின் கண்ணாடியில் படலமாகப் படிந்து, மீட்டரை மந்தமாக்கும். மீட்டர் 9.5 என்று சொல்லும்; தொட்டியில் உண்மையில் வேறாக இருக்கும்.

பிளீச் தனி ரகம். காரத்தன்மையுள்ள தொட்டியில் அதிலுள்ள ஹைப்போகுளோரைட் விழுந்தால், சிரமப்பட்டு மூவிணைதிற நிலைக்கு இறக்கிய குரோமியத்தை அது மறுபடியும் ஆறிணைதிறக் குரோமியமாக ஏற்றிவிடும். குரோம் பிரிவில் எல்லாம் ஒழுங்காக நடந்தும் வெளியேறும் நீரில் மஞ்சள் சாயல் வந்தால், தரையை யார் எதைக் கொண்டு கழுவினார்கள் என்று விசாரியுங்கள்.

ஆர்ஓ (சவ்வு வழியே நீரைச் சுத்தம் செய்யும் கருவி) வைத்திருப்பவர்கள் பட்டியலில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும். சவ்வைக் கழுவும் கரைசலிலேயே ஈடிடிஏ, சிட்ரிக் அமிலம், பாலிஃபாஸ்பேட் இருக்கும். கழுவிய நீரைச் சேகரிப்புத் தொட்டிக்கே திருப்பி விடுவது வழக்கம். சவ்வு கழுவிய மறுநாள் நிக்கல் ஏறுகிறதா என்று பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

4. ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்

இந்தக் கணக்கைப் போடாதவரை, மேலாளர் உங்களை நம்பமாட்டார்.

ஈடிடிஏவின் ஒரு மூலக்கூறு ஓர் உலோக அணுவைப் பிடிக்கும். டெட்ராசோடியம் ஈடிடிஏவின் மூலக்கூறு எடை 380. நிக்கலின் அணு எடை 58.7. ஆக ஒரு கிலோ டெட்ராசோடியம் ஈடிடிஏ ஏறக்குறைய 154 கிராம் நிக்கலைப் பிடித்துவைக்க முடியும்.

1,000 லிட்டர் சோக் கிளீனர் தொட்டி. லிட்டருக்கு 50 கிராம் பவுடர். பவுடரில் 10 சதவீதம் ஈடிடிஏ என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில் 5 கிலோ ஈடிடிஏ. அது 770 கிராம் நிக்கலுக்கு இடம் தரும். வாரக் கடைசியில் அந்தத் தொட்டியை ஒரே மூச்சில் திறந்துவிட்டு, அன்றைய மொத்தக் கழிவுநீர் 20,000 லிட்டர் என்றால், லிட்டருக்கு 38 மில்லிகிராம் நிக்கல்வரை கரைசலில் தங்கலாம். வரம்பு 3. நீரில் உள்ள இரும்பும் ஈடிடிஏவில் பங்கு கேட்கும் என்பதால் உண்மையில் இது குறையலாம்; ஆனால் எத்தனை மூட்டை சுண்ணாம்பு போட்டாலும் ஏன் எண் அசையவில்லை என்பது புரிந்துவிடும்.

5. ஓடைகளைப் பிரித்துவிடுங்கள்

எல்லா நீரையும் ஒரே குழியில் சேர்த்துவிட்டுப் பிறகு சரிசெய்வது செலவு பிடித்த வழி. ஐந்து ஓடைகள் தனித்தனியாக வேண்டும்: அமில-கார அலசுநீர், குரோம், சயனைடு இருந்தால் சயனைடு, பழைய கிளீனர் தொட்டி நீர், பழைய பிக்லிங் (எஃகின் துருவை நீக்கும்) அமிலம்.

சயனைடைப் பற்றி ஒரு வரி, தவிர்க்கக் கூடாத வரி. சயனைடு கலந்த எந்த நீரிலும் அமிலம் சேரக் கூடாது; எழும் வாயு ஆளைக் கொல்லும். பிஎச் 10.5-க்கு மேல் வைத்து ஹைப்போகுளோரைட்டால் அதை அழித்து, மிச்சமில்லை என்று சோதித்த பிறகே மற்ற நீரோடு சேர்க்க வேண்டும்.

குரோம் நீரைத் தனியாகப் பிஎச் 2 முதல் 2.5-க்குள் வைத்து சோடியம் மெட்டாபைசல்பைட்டால் மூவிணைதிற நிலைக்கு இறக்குங்கள். கிளீனரின் காரம் இதில் கசிந்தால் பிஎச் ஏறும், வினை மந்தமாகும், மெட்டாபைசல்பைட் செலவு கூடும்.

அலசுநீரோடு அன்றாடம் ஒட்டிவரும் கிளீனரை முற்றாகத் தடுக்க முடியாது. ஆனால் ஜாப்களை (முலாம் பூசும் பொருள்களை) தொட்டியின்மேல் சில விநாடி கூடுதலாக வடியவிட்டால் அதன் அளவு குறையும். மொத்தமாகக் கொட்டும் தொட்டிநீர்தான் ஆபத்து. அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் சேமிப்புத் தொட்டி வாங்கிப் போடுங்கள். இந்த வேலையில் இதைவிடப் பயன்தரும் செலவை நான் பார்த்ததில்லை.

6. பழைய கிளீனரைத் தனியாக உடையுங்கள்

இங்கே செய்ய வேண்டியவை இரண்டு: கலங்கிய எண்ணெயைப் பிரிப்பது, கீலேட்டரின் (ஈடிடிஏ போல உலோகத்தைப் பிடித்துவைக்கும் பொருளின்) பிடியை விடுவிப்பது. இரண்டுக்குமே தேவைப்படுபவை அமிலமும் இரும்பும். இரண்டையும் உங்கள் பட்டறை ஏற்கெனவே கழிவாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது: பழைய ஹைட்ரோகுளோரிக் பிக்லிங் அமிலம். அதில் எஃகிலிருந்து கரைந்த இரும்பு ஏராளமாக இருக்கும். கழிவுக்குக் கழிவே மருந்தாகிறது. கந்தக அமிலமும் ஃபெரஸ் சல்பேட்டும் வாங்கும் செலவு மிச்சம்.

ஆனால் கிளீனரில் சயனைடோ சல்பைடோ பிளீச்சோ இருந்தால் இதைச் செய்யவே கூடாது. குரோம், நிக்கல் உரிக்கப் பயன்பட்ட அமிலத்தையும் இதற்கு எடுக்காதீர்கள். இறக்க வேண்டிய உலோகத்தை நீங்களே கூட்டுவீர்கள்.

அளவுகளை 7-ஆம் படியின் ஜார் டெஸ்டில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முதலில் கிளீனரை ஆறவிடுங்கள். சூடான கார நீரில் அமிலம் விழுந்தால் கொதித்துத் தெறிக்கும். தொட்டியில் மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும்: கிளீனரில் சோடா சாம்பல் இருக்கும், அமிலம் பட்டதும் கார்பன் டைஆக்சைடு நுரைத்துப் பொங்கும். காற்றோட்டம் வேண்டும்.

கலக்கிக்கொண்டே பிக்லிங் அமிலத்தை மெல்லிய தாரையாகச் சேர்த்துப் பிஎச் 2.5 முதல் 3-க்குக் கொண்டுவாருங்கள். அரை மணி நேரமாவது கலக்குங்கள். அவசரப்படாதீர்கள், நிக்கல் ஈடிடிஏவை விட்டு மெதுவாகத்தான் பிரியும். அமில நிலையில் பிடி தளர்கிறது, அந்த இடைவெளியில் இரும்பு ஈடிடிஏவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு கலக்குவதை நிறுத்துங்கள். எண்ணெய் மேலே திரண்டு வரும். அதை வழித்து எடுத்துத் தனி டிரம்மில் சேருங்கள்.

இப்போது காரம். இங்கே காஸ்டிக் வேண்டாம், சுண்ணாம்பு போடுங்கள். பிஎச் 11 முதல் 11.5வரை ஏற்றி இன்னும் அரை மணி நேரம் கலக்குங்கள். அந்தப் பிஎச்சில் இரும்பு ஈடிடிஏவை விட்டுவிட்டு ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். காலியான ஈடிடிஏ மறுபடி நிக்கலைத் தேடிப் போகாமல் சுண்ணாம்பின் கால்சியம் அந்த இடத்தை நிரப்பிவிடும். காஸ்டிக்கில் கால்சியம் கிடையாது. சிலிக்கேட், ஃபாஸ்பேட் இரண்டையும் கூடச் சுண்ணாம்பு இறக்கிவிடும். கசடு கூடும்தான், அதற்கு அஞ்சி இந்தப் படியில் காஸ்டிக்குக்கு மாறுபவர்களுக்குப் பலன் கிடைப்பதில்லை.

படிந்த பிறகு மேல்நீரை வடிகட்டிச் சோதித்து, பிரதானத் தொட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள்களில் பரவலாக விடுங்கள். ஈடிடிஏ இன்னும் அந்த நீரில்தான் இருக்கிறது, கால்சியத்தோடு. மொத்தமாக விட்டால் பிரதானத் தொட்டியின் நிக்கலைப் பிடித்துக்கொண்டு பழைய கதையே தொடங்கும்.

7. ஜார் டெஸ்ட்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

6-ஆம் படியில் எவ்வளவு இரும்பு, எந்தப் பிஎச், எந்தப் பாலிமர் என்பதைத் தொட்டியில் ஊற்றிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பீக்கரில் செய்யுங்கள். பிரதானத் தொட்டிக்கும் இதே முறைதான்.

முதல் சுற்றில் பிஎச் மட்டும்: 8.5, 9, 9.5, 10, 10.5, 11. காஸ்டிக்கில் ஒரு வரிசை, சுண்ணாம்பில் ஒரு வரிசை. சுண்ணாம்பு வரிசையில் நிக்கல் தெளிவாகக் குறைந்தால் கீலேட்டர் இருப்பது உறுதி. இரண்டாம் சுற்றில் இரும்பு: உலோகத்தின் எடையைப்போல் ஒரு மடங்கு, மூன்று, ஐந்து, எட்டு. எந்த இடத்துக்குமேல் பலன் கூடவில்லையோ அங்கே நிறுத்துங்கள். மூன்றாவதாகப் பாலிமர்: 0.1 சதவீதக் கரைசலில் 1 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் பீக்கரில் விட்டால் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம். எதிர்மின், நேர்மின், மின்சுமையற்றது மூன்றையும் பாருங்கள்.

ரசாயனம் விழும்போது ஓரிரு நிமிடம் வேகமாக, நிமிடத்துக்கு 100 முதல் 150 சுற்று. பிறகு 10 முதல் 15 நிமிடம் மெதுவாக, 25 முதல் 30 சுற்று. பிறகு அரை மணி நேரம் அசையாமல். பாலிமர் விட்ட பிறகும் வேகமாகச் சுற்றினால் உருவான திரள் சிதைந்துவிடும், மறுபடி சேராது.

8. பிரதானத் தொட்டியின் வரிசை

சேகரிப்புத் தொட்டி, எண்ணெய் வழிப்பு, பிஎச் ஏற்றம், பாலிமர், படிவு, வடிகட்டல், கடைசியில் பிஎச் இறக்கம். எண்ணெய் போகாமல் பிஎச் ஏற்றினால் மிதக்கும் கசடுதான் கிடைக்கும்.

பிஎச் தேர்வு ஒரு சமரசம். நிக்கல் 10-ஐ ஒட்டி நன்றாகப் படியும். செம்பு 9-ஐ ஒட்டி. துத்தநாகத்துக்கு 9 முதல் 9.5, அதிகக் காரத்தில் மறுபடி கரையும். குரோமியம் 8-ஐ ஒட்டி. அதுவும் அதிகக் காரத்தில் கரையும். நான்கும் கலந்திருந்தால் 9.5-ஐச் சுற்றி ஜார் டெஸ்ட் சொல்லும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியேறும் நீரின் பிஎச் 6 முதல் 9-க்குள் இருக்க வேண்டும். மணல் வடிகட்டியைக் கடந்த பிறகே அமிலம் விட்டு இறக்குங்கள். அதற்கு முன் இறக்கினால் தப்பி வந்த ஹைட்ராக்சைடுத் துகள்கள் மறுபடி கரையும்.

கிளீனர் அதிகம் வரும் பட்டறையில் பிஎச் எலக்ட்ரோடை வாரம் ஒருமுறை கழுவுவது போதாது, தினமும் பாருங்கள். எண்ணெய்ப் படலத்துக்கு மென்சோப்பு, சுண்ணாம்புப் படிவுக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக். பிறகு பஃபரில் திருத்தம்.

9. பிறகும் மிச்சம் இருந்தால்

வடிகட்டிய நீரில் இன்னும் சில மில்லிகிராம் நிக்கல் நின்றால் மட்டும் இந்தப் படி. டைதயோகார்பமேட் அல்லது ட்ரைமெர்காப்டோட்ரையசின் வகை வீழ்படிவாக்கியை, ஹைட்ராக்சைடுப் படிவு முடிந்த நீரில் விடுங்கள். முன்னதாக விட்டால் எளிதில் இறங்கக்கூடிய உலோகத்துக்கே விலையுயர்ந்த மருந்து செலவாகும். டைதயோகார்பமேட்டை அமில நீரில் விடவே கூடாது; கார்பன் டைசல்ஃபைடு வாயு வரும். மிகையானால் மீன்களுக்கு நஞ்சு. அளவை ஜார் டெஸ்ட்டே சொல்லட்டும்.

சோடியம் சல்பைடும் வேலை செய்யும். ஆனால் பிஎச் இறங்கினால் ஹைட்ரஜன் சல்பைடு எழும். வாயு எச்சரிக்கைக் கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாத சிறு பட்டறைக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

ஹைட்ரஜன் பெராக்சைடும் ஃபெரஸ் சல்பேட்டும் பிஎச் 3-இல் சேர்ந்து கீலேட்டரையே சிதைக்கும். நல்ல முறை, கவனம் வேண்டிய முறை. மிஞ்சிய பெராக்சைடு காரத் தொட்டிக்குப் போனால், பிளீச் செய்த அதே வேலையைக் குரோமியத்திடம் செய்யும். மிச்சமில்லை என்று சோதனைப் பட்டையில் பார்த்த பிறகே பிஎச்சை ஏற்றுங்கள்.

10. புதிய கிளீனர் வாங்கும் முன்

கொள்முதல் பிரிவோடு ஒரே ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: சுத்திகரிப்பு நிலையத்தின் கையெழுத்து இல்லாமல் எந்தப் புதுக் கிளீனரும் உள்ளே வரக் கூடாது. கிலோவுக்குச் சில ரூபாய் மலிவு என்று டிரம்மை மாற்றுவார்கள். அடுத்த மாதம் சுண்ணாம்பிலும் கசடு அப்புறப்படுத்துவதிலும் அதைப்போல் பல மடங்கு போய்விடும். அந்தக் கணக்கு வேறு பேரேட்டில் எழுதப்படுவதால் யார் கண்ணிலும் படாது.

கையெழுத்துக்கு முன் இந்தச் சோதனை. உங்கள் அலசுநீரை இரண்டு பீக்கரில் தலா ஒரு லிட்டர் எடுங்கள். இரண்டாவதில் புதுக் கிளீனரை லிட்டருக்கு அரை கிராம் சேருங்கள். 50 கிராம் தொட்டியிலிருந்து ஒட்டிவந்து நூறு மடங்கு நீர்த்த நிலைக்கு அது சமம். இரண்டையும் வழக்கமான முறையில் ஒரே பிஎச்சுக்குக் கொண்டுவந்து, பாலிமர் விட்டு, படியவைத்து, வடிகட்டி, அமிலமேற்றி அனுப்புங்கள். திரள் படியும் நேரத்தையும் மேல்நீரின் கலங்கலையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பீக்கரின் நிக்கல் முதலாவதைவிடக் கூடுதல் என்றால் டிரம்மைத் திருப்பி அனுப்பலாம். சுத்தம் செய்வதில் அந்தக் கிளீனர் உண்மையிலேயே சிறந்தது, வேண்டியே தீரும் என்று முலாம் பிரிவு சொன்னால், பழைய தொட்டிநீருக்கான சேமிப்புத் தொட்டியின் கொள்ளளவையும் பிக்லிங் அமிலத்தின் கையிருப்பையும் முதலில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.